வேட்டை நிலத்துக்குச் செய்த தீவன டிரம், புக்கிட் மெர்தாஜாம் மான் பட்டியில்

மூன்று கால் ஸ்டாண்டு, அதன் மேல் 30 காலன் டிரம், டிரம்முக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார், மோட்டாரில் ஒரு தட்டு. குறித்த நேரம் வந்ததும் தட்டு சுழன்று தீவனத்தைச் சுற்றிலும் வீசும். அமெரிக்காவில், முக்கியமாக டெக்சஸில், வேட்டை நிலங்களில் காட்டு மானுக்குத் தீனி போடுவதற்கென்றே செய்து விற்கிற சாமான் இது. ஆன்லைனில் வாங்கினால் கப்பல் கூலியோடு ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஆடு வளர்க்கும் நண்பர்கள் சிலர் மாமாவின் (என் மாமனாரின்) மான் பட்டியில் இதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலி போட்ட பட்டிக்குள் வைக்கத் தாராளமாக வாங்கலாம், கொஞ்சம் கைவேலை செய்துகொண்டால் நன்றாக உழைக்கும். காட்டோரத்தில் வைக்கத்தான் வேண்டும் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் வயரிங் வேலை செய்பவன். வீட்டு வயரிங், தண்ணீர் பம்ப், ஆட்டோ கேட் என்று மலேசியாவின் பினாங்கில் புக்கிட் மெர்தாஜாம், அல்மா, மாச்சாங் பூபோக் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருப்பேன். என் மாமனார் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் இருக்கும் சொந்த நிலத்தில் ஆடு வளர்க்கிறார், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் லைசென்ஸோடு பன்னிரண்டு ரூசா மானும் வளர்க்கிறார். எல்லாம் தீமோர் மான் வகை, ஜாவா, பாலி பக்கத்து இனம். நம் காட்டில் இருக்கும் சம்பார் மானைவிடச் சின்னது, பட்டியில் வளர்க்கத் தோதானது.

தோதானது என்றாலும் ஆண் மானுக்குக் கொம்பு முற்றிக் காய்ந்து, கழுத்து பெருத்து, இணை தேடும் காலம் வந்துவிட்டால் கதையே வேறு. காட்டு மானுக்கு மனிதனைக் கண்டால் பயம் உண்டு. பட்டியில் பிறந்து கையில் தின்று வளர்ந்ததற்கு அந்தப் பயமே கிடையாது, அதனால்தான் ஆபத்து அதிகம். மாமா 'பெரியவன்' என்று செல்லமாகக் கூப்பிடும் ஆண் மான் ஒருநாள் காலையில் தீனி வாளியோடு உள்ளே போனவரைத் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் நெருக்கிவிட்டது. தொடையில் தையல் போட வேண்டி வந்தது. அத்தை அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டார்: "மாப்ள, இந்த மனுசன் இனிமே உள்ள போகக்கூடாது. எப்படியாச்சும் வெளியில இருந்தே தீனி போடுற மாதிரி ஒரு வழி பண்ணுங்க."

என் சித்தப்பா மகன் டெக்சஸில் சான் அந்தோனியோவில் வேலை செய்கிறான். கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து ஒரு வேட்டை நிலத்தை வருஷ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இந்த டிரம்மைப் பற்றிச் சொன்னவன் அவன்தான்.

பொருத்துவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு ஸ்பானர் செட் இருந்தால் போதும். கால்களை மட்டும் நிலத்தில் முளை அடித்துக் கட்டுங்கள், மான் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வந்தால் சாய்த்துவிடும்.

மோட்டார் பகுதிதான் இதில் உயிர். 6 வோல்ட் பேட்டரி, ஒரு டைமர், சின்ன சோலார் பேனல். டைமரில் காலை, மாலை என்று நேரத்தையும் எத்தனை நொடி ஓட வேண்டும் என்பதையும் வைக்கலாம். நான் கீழே தார்பாய் விரித்து ஓட விட்டு எடை போட்டுப் பார்த்தேன். ஆட்டுத் தீவன பெல்லட்டில் நாலு நொடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் விழுகிறது. பேட்டரி இறங்கினால் தட்டு மெதுவாகச் சுற்றும், தீவனம் தூரம் போகாமல் காலடியிலேயே குவியும். குவியலைப் பார்த்தாலே பேட்டரியைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மோட்டாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அதைச் சுற்றியிருக்கும் பெட்டியில்தான். காய்ந்த ஊருக்குச் செய்த பெட்டி. மூடியைச் சுற்றி மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறார்கள், வயர் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர்கூட இல்லை. நம் ஊர் ஈரத்தில் சில வாரத்திலேயே டெர்மினலில் பச்சை பூத்துவிட்டது. ஈரத்தைவிடப் பெரிய எதிரி பல்லி. கன்ட்ரோல் பெட்டி இரவில் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும், பல்லி உள்ளே புகுந்து போர்டின் மேல் படுத்துக்கொள்ளும். ஆட்டோ கேட் வேலையில் நான் மாற்றும் போர்டுகளில் பல்லி எரித்தவை ஏராளம். அதனால் இதை வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை: வயர் நுழையும் ஓட்டைக்கு கேபிள் கிளாண்டு போடுங்கள், மூடி ஓரத்துக்கு சிலிக்கான் அடியுங்கள், டெர்மினலில் வேஸ்லின் தடவுங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிகூட ஆகாது. இதைச் செய்த பிறகு மாமா பட்டியில் போர்டு ஒருமுறைகூடக் காலை வாரவில்லை. சோலார் பேனலை மர நிழலில் இல்லாமல் தனிக் கம்பத்தில் ஏற்றிவிடுங்கள், டூரியான் மரத்தடியில் வைத்தால் அது வெறும் அலங்காரம்தான்.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று இருக்கிறது. தொட்டியில் கொட்டினால் பெரியவன் தொட்டியை மறித்து நின்றுகொள்வான். குட்டி போட்ட பெட்டை மான்களும் போன வருஷத்துக் குட்டிகளும் தூரத்தில் நின்று, அவன் தின்று முடித்த மிச்சத்துக்குக் காத்திருக்கும். தட்டு வீசும்போது தீவனம் பெரிய வட்டமாகச் சிதறுகிறது. ஒரு பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டால் மறுபக்கத்தில் மற்றவை தலை குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும். எப்போதும் விலா எலும்பு தெரிய நிற்கும் ஒரு கிழட்டுப் பெட்டை இப்போது முதுகு தேறியிருக்கிறது. மாமா அதைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்படுகிறார். இந்த ஒன்றுக்காகவே நான் கொடுத்த காசு தகும்.

ஆனால் தரையில் விழுவதைத் தின்றால் சேறும், முட்டையிலிருந்து வெளிவந்த புழுக் குஞ்சும் சேர்ந்து உள்ளே போகும். ஆட்டுக்கு வரும் இரத்தம் குடிக்கிற வயிற்றுப் புழு மானுக்கும் வரும். டிரம்மைச் சுற்றி சிமெண்டுத் தளம் போட்டு, தண்ணீர் வடிய ஓரமாகச் சரிவு வைத்தோம். வாரத்துக்கு ஒருமுறை பெருக்கிக் கழுவுகிறோம். தளம் போட முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே மேல்.

அடுத்து, டிரம்மில் எதைப் போடுவது? கூட வந்த கையேட்டில் முழு மக்காச்சோளம் என்று படமே போட்டிருக்கிறார்கள். டெக்சஸ் வழக்கம் அது. "அண்ணே, இங்க பெட்ரோல் ஸ்டேஷன்லயே மான் சோளம்னு மூட்டை மூட்டையா விக்கிறாங்க" என்கிறான் தம்பி. வேட்டைக் காலம் நெருங்கும்போது மானை இழுக்க மக்காச்சோளம், வசந்தத்திலும் கோடையிலும் கொம்பு வளரும்போதும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் 16 முதல் 20 சதவீதம் புரதம் உள்ள பெல்லட். விவரம் தெரிந்த நில உரிமையாளர்கள் அப்படித்தான் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்களாம். அங்கே மானுக்குக் கஷ்டமான காலம் இரண்டு: வெயில் கொளுத்தும் கோடைக் கடைசி, பச்சை அற்றுப்போகும் குளிர்காலக் கடைசி.

மக்காச்சோளம் மானுக்கு மிட்டாய் மாதிரி. புரதம் எட்டு, ஒன்பது சதவீதம்தான், மீதி பெரும்பாலும் மாவு. அசை போடும் பிராணியின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லுக்கும் தழைக்கும் பழகியவை. திடீரென்று வயிறு நிறைய சோளம் போனால் அது வேகமாகப் புளித்து, அமிலம் ஏறி, அந்த நுண்ணுயிர்களே செத்துப் போகும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் இரக்கப்பட்டு மக்கள் சோளம் கொட்டிய இடங்களில், வயிறு முட்டச் சோளத்தோடு மான்கள் செத்துக் கிடந்தது உண்டு. பசியால் சாகவில்லை, தீனியால் செத்தன. புதுத் தீவனத்துக்கு வயிறு பழக இரண்டு, மூன்று வாரம் வேண்டும். ஆட்டுக்கும் இதே கணக்குத்தான். எனவே டைமரை முதல் வாரம் இரண்டு நொடியில் ஆரம்பியுங்கள். மெஷின் கொட்டும் என்பதற்காகக் கொட்டவிடாதீர்கள்.

நாங்கள் 16 சதவீத ஆட்டு பெல்லட் போடுகிறோம், ஒரு மானுக்கு நாளைக்குச் சுமார் 300 கிராம். முக்கியச் சாப்பாடு நேப்பியர் புல், பலாத் தழை, வாடவைத்த மரவள்ளி இலை. பட்டியில் இருக்கும் மான் தின்பது முழுக்க நம் கையில் இருப்பதால் பெல்லட் துணைத் தீனி மட்டும்தான். அதையும் ஆண்டு முழுக்க ஒரே அளவில் போடுவதில்லை. பினாங்கில் தைப்பூசத்தை ஒட்டி வருகிற ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் புல் வளர்ச்சி நின்றுவிடும், அப்போது கூட்டுகிறோம். செப்டம்பர், அக்டோபர் பெருமழையில் புல் தளதளவென்று இருந்தாலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அப்போதும் கொஞ்சம் கூட்டுகிறோம். மற்ற மாதங்களில் காலையில் மட்டும் ஓட விடுகிறோம். டைமர் இருப்பதால் இந்தக் கணக்கு ஒரு பட்டன் வேலைதான், இதில் இந்த மெஷினை அடித்துக்கொள்ள முடியாது.

மழைக்காலத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிரம் சுமார் 90 கிலோ கொள்ளும் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நிரப்பாதீர்கள். இரவில் டிரம்மின் உள்சுவர் வியர்க்கும், பெல்லட் ஊறி உப்பி, புனல் வாயில் கட்டியாக அடைத்துக்கொள்ளும். தட்டு சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும், ஒன்றும் விழாது. அடைப்பாவது கண்ணுக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் தீவனத்திலும் அஃப்லாடாக்ஸின் என்ற விஷம் உண்டாகிறது, அது கல்லீரலைக் கெடுக்கும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டெக்சஸிலேயே காட்டு மானுக்கு விற்கும் சோளத்தில் இந்த விஷம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். அங்கே காற்று காய்ந்தது, இங்கே எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள், டிரம் காலியானதும் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைக் கொட்டுங்கள். பெரிய டிரம் நமக்குத் தேவையே இல்லை. இதே கம்பெனி சின்ன டிரம்மோடு விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

அப்புறம் குரங்கு. பினாங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. டெக்சஸில் ரக்கூனும் காட்டுப்பன்றியும் தொல்லை என்பதால் தட்டைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு தருகிறார்கள். ரக்கூன் கைக்கு அந்தக் கூண்டு போதும் போலிருக்கிறது, நம் கெரா குரங்கின் விரல் உள்ளே போய்த் தட்டையே திருப்புகிறது. தட்டைக் கையால் தள்ளினால் தீவனம் விழும் என்று ஒரு பெரிய ஆண் குரங்கு கண்டுபிடித்த பிறகு, குடும்பமே வந்து உட்கார்ந்துகொண்டது. கூண்டின் மேல் அரை அங்குல வலை சுற்றி, டிரம் மூடிக்குக் கொக்கி வைத்துப் பூட்டிய பிறகு தட்டைத் திருப்புவது நின்றது. ஆனால் மோட்டார் 'விர்ர்' என்று கேட்டதும் வேலி மேல் வந்து வரிசையாக உட்காருவது நிற்கவில்லை. மான்களும் அப்படித்தான். நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தளத்தருகே வந்து காதை முன்னால் நீட்டி நிற்கின்றன.

அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இந்த மெஷின் செய்யப்பட்டதே இதற்காகத்தான். வெறுமனே தீனி போட வேண்டுமென்றால் மோட்டாரே வேண்டாம், தானாகச் சரிந்து விழும் தொட்டி ஒன்று போதும். தட்டும் டைமரும் எதற்கென்றால், பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் இரவிலும் நடமாடும் காட்டு மானை வெளிச்சம் இருக்கும் நேரத்தில், குறித்த இடத்தில், குறித்த நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு. டெக்சஸில் அது சட்டத்துக்கு உட்பட்டது. நிலம் பெரும்பாலும் தனியார் கையில், வெள்ளைவால் மான் ஐம்பது லட்சத்துக்கு மேல், எத்தனை சுடலாம், எப்போது சுடலாம் என்று விதி இருக்கிறது. அங்கேயுள்ள நியாயம் அவர்களுக்கு.

அங்கேயே எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1967இல் கொலராடோவில் முதலில் கண்ட மான் நோய் ஒன்று, மூளையை அரித்து மெலியவைத்துக் கொல்லும், மருந்து கிடையாது. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவும், மண்ணில் பல ஆண்டு தங்கும். டெக்சஸில் 2012இல் முதல் முறையாகக் கண்டுபிடித்தார்கள். பத்து மான் ஒரே இடத்தில் மூக்கை வைத்துத் தின்றால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் கீழ்த் தீபகற்பம் முழுவதும் 2019 முதல் காட்டு மானுக்குத் தீனி போடுவதே தடை. அங்கே மானுக்குக் காசநோயும் இருக்கிறது.

இப்போது நம் நிலைமை. கூலிமுக்கு அப்பால் காட்டோரத்தில் டூரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் இந்த டிரம்மைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தோட்டத்தின் கடைசியில் ஒன்று வைத்தால் கீஜாங் என்ற குரைக்கும் மான் வருமா, பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று கேட்டார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வரும் என்றுதான் சொன்னேன். மானோடு வேட்டைக்காரனும் வருவான் என்றும் சொன்னேன்.

தீபகற்ப மலேசியாவில் சம்பார், கீஜாங் வேட்டையை 2009இல் பெர்ஹிலித்தான் நிறுத்தியது, எண்ணிக்கை அவ்வளவு விழுந்துபோனதால்தான். சம்பார் புலியின் இரை. நம் காட்டில் இப்போது புலி 150க்கும் குறைவு. கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனாலும் வைக்கிறவன் வைக்கிறான். அவனுக்குக் கஷ்டமான வேலை மான் எங்கே, எப்போது வரும் என்று கண்டுபிடிப்பது. உப்பு நிலங்களான ஜெனுட்டுகளை வேட்டைக்காரர்கள் தேடிப் போவதும் அதற்காகத்தான், மான் அங்கே உப்பு நக்க வந்தே தீரும். நாம் காட்டோரத்தில் ஒரு டிரம்மை நட்டால், காலை ஏழு, மாலை ஆறு என்று அவனுக்கு நேரமும் எழுதிக் கொடுத்த மாதிரி. பிள்ளைகளுக்கு மான் காட்ட வேண்டுமென்றால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் ஜெனுட்டைப் பார்த்த மாதிரி பும்புன் என்ற மரக் குடில்கள் இருக்கின்றன. பூங்கா அலுவலகம் இருக்கும் குவாலா தாஹானில் கேட்டுப் பதிந்துகொண்டு ஒரு ராத்திரி தங்கலாம், தீனி போடாமலேயே பார்க்கலாம். அவரிடம் அதைச் சொல்லி அனுப்பினேன். மாமாவும் தன் பங்குக்கு, "நம்ம பட்டி மானுக்கு வேலி இருக்கு தம்பி, அதுக்கு என்ன இருக்கு?" என்றார். அந்தத் தோட்டக்காரர் டிரம் வாங்கவில்லை.

வேலி போட்ட பட்டி, லைசென்ஸ் உள்ள மான், ஆடு, செம்மறி என்று வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு மாறாது. செம்மறி இருந்தால் செம்பனைப் பிண்ணாக்கு கலந்த பெல்லட்டைப் போடாதீர்கள், அதில் இருக்கும் செம்பு செம்மறிக்கு ஆகாது. வயதானவர்கள் தனியாகப் பட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இது பெரிய உதவி. மாமா இப்போது வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த மான் வரவில்லை, எது நொண்டுகிறது என்று பார்ப்பதோடு சரி. அத்தையும் நிம்மதியாக இருக்கிறார்.

பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பேட்டரி, அலாரம் சிஸ்டத்துக்குப் போடுகிற அதே 6 வோல்ட் அளவு, புக்கிட் மெர்தாஜாம் டவுனில் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். டைமர் போய்விட்டால் கம்பெனி போர்டுக்குக் காத்திருக்காமல் லோக்கலில் கிடைக்கும் டிஜிட்டல் டைமர் ஒன்றைப் பொருத்தலாம், ஆனால் 6 வோல்ட்டில் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள், கடையில் இருப்பவை பெரும்பாலும் 12 வோல்ட். தட்டை மட்டும் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது தனியாகக் கிடைப்பதில்லை.